ஏடுகளுக்கு இடம் எங்கே?

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் நெடுஞ்சாலையில், வானூர் வட்டத்தில் இருக்கிறது கிளியனூர். அங்குள்ள அகத்தீஸ்வரர் கோயில்தான் திருக்கிளியன்னவூர் என்று தேவார உலகம் அறிந்த தலம். பாடல் பெற்ற தலங்கள் 274 என்பது பழைய கணக்கு. இன்று 276 என்கிறோம். கூடுதலாகச் சேர்ந்த இரண்டில் ஒன்று திருவிடைவாய். அதன் பதிகம் கோயில் கல்வெட்டிலிருந்து கிடைத்தது. மற்றொன்று கிளியனூர். ஞானசம்பந்தர் பெயரில் வழங்கும் இவ்வூர்ப் பதிகம் பழைய தொகுப்புகளில் இல்லை. பின்னாளில் தனியே கிடைத்து மூன்றாம் திருமுறையின் கடைசியில் சேர்க்கப்பட்டது. எங்கோ யாரோ வைத்திருந்த ஒரு பிரதி கறையானுக்கும் ஈரத்துக்கும் தப்பியதால் ஒரு தலமே பட்டியலுக்குள் வந்தது.

அதே சாலையில் தெற்கே போனால் புதுச்சேரி. 1955-ல் ழான் ஃபிலியோசா தொடங்கிவைத்த பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும், தூரக்கிழக்கு ஆய்வுக்கான பிரெஞ்சுப் பள்ளியின் மையமும் அங்கே இருக்கின்றன. இரண்டிலுமாகச் சேர்ந்திருக்கும் சைவச் சுவடிகள் சுமார் 11,000. என்.ஆர். பட் போன்ற பண்டிதர்கள் கோயில்களையும் மடங்களையும் குருக்கள் வீடுகளையும் தேடிப்போய்த் திரட்டியவை அவை. 2005-ல் யுனெஸ்கோ தன் உலக நினைவகப் பதிவேட்டில் இந்தத் தொகுப்பைச் சேர்த்தது. இதற்குப் பக்கத்தில், 1956 முதல் தென்னிந்தியக் கோயில்களைப் படமெடுத்துச் சேர்த்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புகைப்படங்கள் இருக்கின்றன. 2007-ல் இவ்விரு நிறுவனங்களும் சேர்ந்து, வி.எம். சுப்பிரமணிய ஐயரின் ஆங்கில மொழிபெயர்ப்போடு ‘டிஜிட்டல் தேவாரம்’ என்ற குறுந்தகட்டை வெளியிட்டன.

அந்தக் குறுந்தகட்டின் கொள்ளளவு 700 மெகாபைட் அளவுதான். தேவாரத்துக்கு அது தாராளம். ஏறத்தாழ 800 பதிகங்கள், 8,000-க்கும் மேற்பட்ட பாடல்கள். யூனிகோடின் யூ.டி.எஃப்-8 குறியீட்டில் ‘க’ என்ற எழுத்துக்கு 3 பைட், ‘கி’ என்றால் 6 பைட். பாடல்களை மட்டும் எழுத்தாக ஏற்றினால் மொத்தமும் சில மெகாபைட்டில் முடிந்துவிடும். புதுச்சேரியில் புகைப்படத் தொகுப்பு தொடங்கிய அதே 1956-ல்தான் ஐ.பி.எம். நிறுவனம் உலகின் முதல் ஹார்டு டிஸ்க்கை வணிகத்துக்குக் கொண்டுவந்தது. ராமாக் என்று பெயர். 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள், ஒரு டன்னுக்கு மேல் எடை, 50 லட்சம் எழுத்துகள் கொள்ளும். தேவாரப் பாடல்களை இன்றைய குறியீட்டில் ஏற்றினால் அந்த ஒரு டன் இயந்திரம் ஏறத்தாழ நிறைந்துவிடும்.

எழுத்துக்கு இவ்வளவு போதும். ஏட்டைப் படமாக வைக்க வேண்டும் என்று முடிவெடுத்த நாளில்தான் கணக்கு தலைகீழாகிறது. 5 கோடிப் புள்ளிகள் கொண்ட, அதாவது 50 மெகாபிக்சல் கேமராவில் ஓர் ஏட்டைப் படமெடுத்தால், ஒரு புள்ளிக்கு மூன்று நிறம், நிறத்துக்கு ஒரு பைட் என்று சுருக்காத ஒரு படத்துக்கே 150 மெகாபைட் ஆகும். ஒரு கட்டில் 100 ஏடுகள் என்று வைத்துக்கொள்வோம். இருபுறமும் சேர்த்து 200 படங்கள். ஒரு கட்டுக்கு 30 கிகாபைட். ஆயிரம் கட்டுக்கு 30 டெராபைட். எட்டாயிரம் கட்டு என்றால் 240 டெராபைட். சுருக்கி வைத்தால் என்ன என்று கேட்கலாம். பார்வைக்குக் கொடுக்கும் பிரதியைச் சுருக்கலாம். மூலப்படத்தில் விவரம் இழக்கும்படி சுருக்கக் கூடாது. மங்கிய எழுத்தாணிக் கீறலுக்கும் பூச்சி அரித்த தடத்துக்கும் உள்ள வேறுபாடு அந்த நுண்ணிய நிழலில்தான் இருக்கிறது. அதை நாளை ஒருவர் படிக்க வேண்டும்.

சுவடி இல்லாத இடங்களிலும் இதே நெருக்கடி உண்டு. திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் 16 கண்காணிப்புக் கேமராக்கள், ஒவ்வொன்றும் நொடிக்கு 4 மெகாபிட் பதிவுசெய்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 690 கிகாபைட். முப்பது நாள் வைத்திருக்க 20 டெராபைட்டுக்கு மேல் வேண்டும். ஸ்கேன் மையம், வீடியோ எடிட்டிங் கடை, நில ஆவணங்களைப் படமாக்கும் அலுவலகம் எல்லாவற்றிலும் ஒரு காலை வேளையில் ‘டிஸ்க் ஃபுல்’ என்று சர்வர் சொல்லிவிடுகிறது.

அப்போது என்ன செய்வது? சர்வரின் முகப்பில் வட்டு செருகும் டிரேக்கள் நாலோ எட்டோ பன்னிரண்டோ இருக்கும். காலி இருந்தால் புதிய வட்டு போடலாம். இல்லையென்றால் இருக்கிற சிறிய வட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெரியது மாற்றலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மற்ற வட்டுகள் இரவு பகலாக ஓடிப் புதியதை நிரப்ப வேண்டும் என்பதால் எட்டு வட்டு மாற்றுவது ஒரு வாரத்துக்கும் மேலான வேலை. மேகத்துக்கு ஏற்றிவிடலாமே என்றால், நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் 240 டெராபைட்டை ஏற்ற, ஒரு நொடிகூட அறுபடாமல் போனாலும், 222 நாள் ஆகும். மாத வாடகை அதற்கு மேல். சிறு நிறுவனத்துக்கு இது ஒத்துவராது.

இந்த இடத்தில்தான் நேரடி இணைப்புச் சேமிப்பு உதவிக்கு வருகிறது. கணினிக்காரர்கள் டாஸ் என்பார்கள். வட்டுகள் மட்டுமே நிறைந்த ஒரு பெட்டி. அதில் பெரிய மூளை எதுவும் கிடையாது. மின்சாரம் கொடுக்கும் பகுதி, விசிறிகள், வட்டுகளைக் கோத்துக்கொடுக்கும் ஒரு பலகை, அவ்வளவே. சர்வரிலிருந்து ஒரு கனத்த கேபிள் அதற்குப் போகும். வீட்டோடு ஒட்டிச் சாய்ப்பு இறக்கி, நடுச்சுவரில் கதவு வைத்துக்கொள்வது போன்றது இது: தெருவில் இறங்காமலே உள்ளே போய்வரலாம், வீட்டுக்காரருக்கு அதுவும் தன் அறைதான். சர்வரின் கண்ணுக்கு அந்தப் பெட்டியில் உள்ள வட்டும் தன் வயிற்றுக்குள் உள்ள வட்டும் ஒன்றே. வலைப்பின்னல் வழியாகப் பகிரும் நாஸ் பெட்டி அப்படியல்ல. அது தனிக் கணினி. கோப்பு ஒவ்வொன்றையும் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டுக்கும் வேகத்தில் எவ்வளவு தூரம் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் விளங்கும். சாதாரண அலுவலகங்களில் இருக்கும் ஒரு கிகாபிட் வலைப்பின்னல் நடைமுறையில் நொடிக்கு 110 மெகாபைட் அளவுக்கு அனுப்பும். இன்றைய ஒரே ஒரு பெரிய வட்டு, வரிசையாகப் படிக்கும்போது 250 மெகாபைட் கொடுக்கிறது. வட்டு ஒன்றின் வேகத்தில் பாதியைக்கூட அந்தக் கம்பி தாங்காது. ஆயிரம் ஏட்டுக் கட்டுகளின் 30 டெராபைட்டை இதன் வழியே நகலெடுக்க மூன்று நாளுக்கு மேல் ஆகும். நேரடியாக இணைத்த பெட்டியில் வட்டுகள் சேர்ந்து நொடிக்கு 1.5 கிகாபைட் தந்தால் அதே வேலை ஐந்தரை மணி நேரத்தில் முடியும். பத்து கிகாபிட் வலைப்பின்னல் போட்டால் இந்த இடைவெளி வெகுவாகக் குறையும். அதற்கு ஸ்விட்ச், கார்டு, கேபிள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

அந்தக் கனத்த கேபிளுக்குள் என்ன நடக்கிறது? அதில் ஓடும் மொழிக்கு சாஸ் என்று பெயர். 1986-ல் தரப்படுத்தப்பட்ட ஸ்கசி என்ற பழைய முறையின் வாரிசு. ஸ்கசியில் அகலமான பட்டைக் கேபிளில் பல கம்பிகள் இணையாக ஓடும். வேகம் கூடக்கூட அந்தக் கம்பிகளின் துடிப்புகள் ஒரே கணத்தில் மறுமுனை சேராமல் முன்பின்னாகிக் குழம்பின. அதனால் பொறியாளர்கள் இணையான வழியைக் கைவிட்டு, ஒரு ஜோடிக் கம்பியில் பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக மிக வேகமாக அனுப்பும் முறைக்கு வந்தார்கள். இப்போது பரவலாக இருக்கும் சாஸ் தலைமுறையில் ஒரு பாதையில் நொடிக்கு 12 கிகாபிட் ஓடுகிறது. வெளிப் பெட்டிக்குப் போகும் கேபிளில் இப்படி நான்கு பாதைகள். குறியீட்டுக்கான கூடுதல் பிட்டுகளைக் கழித்தால் நொடிக்கு 4.8 கிகாபைட் நிகரமாகக் கிடைக்கும்.

சர்வரின் உள்ளே இந்தக் கேபிள் வந்து சேரும் இடம் எச்.பி.ஏ. என்று அழைக்கப்படும் ஒரு கார்டு. வாங்கும் முன் சர்வரைத் திறந்து அதற்கான காலி ஸ்லாட் இருக்கிறதா, எட்டுப் பாதை கொண்டதா, கார்டின் உயரம் பொருந்துமா என்று பார்த்துவிட வேண்டும். பெட்டி வந்து இறங்கிய பிறகு ஸ்லாட் இல்லை என்று தெரிவது இந்தத் துறையில் அடிக்கடி நடப்பது. பெட்டிக்குள்ளே எக்ஸ்பாண்டர் என்ற சில்லு, நான்கு பாதைகளில் வரும் போக்குவரத்தைப் பன்னிரண்டு, இருபத்துநான்கு வட்டுகளுக்குப் பிரித்துக்கொடுக்கிறது. எல்லா வட்டுகளும் எந்நேரமும் முழு வேகத்தில் ஓடுவதில்லை என்பதால் பாதை போதுமானதாக இருக்கிறது. பன்னிரண்டு வட்டுகள் ஒருசேர ஓடினாலும் 3 கிகாபைட்தான். இருபத்துநான்கும் ஓடினால் 6 கிகாபைட். ஒரு கேபிள் அங்கே தடையாகும், இரண்டாவது கேபிள் வேண்டும்.

சாஸ் முறையின் பெருந்தன்மை ஒன்றைச் சொல்ல வேண்டும். மேசைக் கணினிகளில் வரும் சாட்டா வட்டையும் அது ஏற்றுக்கொள்ளும். சாட்டா துளையில் சாஸ் வட்டைச் செருக முடியாது. சாஸ் துளையில் சாட்டா வட்டு போகும். விலை குறைந்த பெரிய வட்டுகளை வைத்துத் தொடங்க இதனால் வழி பிறக்கிறது. பெட்டி நிறைந்துவிட்டால் அதன் பின்புறத்து வெளி முனையிலிருந்து இன்னொரு கேபிளை எடுத்து அடுத்த பெட்டிக்குக் கோக்கலாம். சர்வரை மாற்ற வேண்டியதில்லை. யு.எஸ்.பி. கம்பியில் இணைக்கும் பல வட்டுப் பெட்டிகளும் சந்தையில் உண்டு. வாரம் ஒருமுறை நகலெடுக்க அவை நல்லவை. இரவும் பகலும் ஓடும் சர்வருக்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்: கம்பி லேசாக இழுபட்டாலே கழன்றுவிடும், நீண்ட சுமையில் இடைச்சில்லு தடுமாறி வட்டுகள் ஒரு கணம் மறைந்து திரும்பும். சாஸ் கேபிளின் முனை கொக்கி போட்டுப் பூட்டிக்கொள்கிறது.

வட்டுக்குள் நடப்பதை ஒரு முறை அறிந்துகொண்டால், அந்தப் பெட்டியை எங்கே வைப்பது என்பதில் தானாகவே கவனம் வந்துவிடும். மூன்றரை அங்குல வட்டில் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 130 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதன்மேல் சில நானோமீட்டர் உயரத்தில் படிக்கும் முனை மிதக்கிறது. தகவல் தடங்கள் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய 50 நானோமீட்டர் தள்ளி அமைந்திருக்கின்றன. ஒரு தலைமுடியின் தடிமனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடங்கள் அடங்கும். இப்படிப்பட்ட கருவிக்கு அதிர்வு ஆகாது. 2008-ல் சன் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் கிரெக், இதே வகை வட்டுப் பெட்டிகளின் முன்னால் நின்று உரக்கக் கத்தி, அந்தக் கணத்தில் வட்டுகளின் பதில் தாமதமாவதைத் திரையில் வரைபடமாகக் காட்டினார். மனிதக் குரலின் அதிர்வுக்கே முனை தடம் விலகி, தட்டு மறுபடி சுற்றி வரும்வரை காத்திருக்கிறது. ஜெனரேட்டர் அறைக்குச் சுவர் பக்கத்தில் இந்தப் பெட்டியை வைக்காதீர்கள் என்று சொல்வதற்கு வேறு சான்று வேண்டாம்.

இவ்வளவு நுட்பமான பொருள் என்றைக்காவது நின்றுதான் போகும். பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தான் ஓட்டும் வட்டுகளின் ஆயுள் விவரத்தைப் பல ஆண்டுகளாக வெளியிட்டுவருகிறது. ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை பழுதாகின்றன. பன்னிரண்டு வட்டுப் பெட்டியில் ஐந்தாண்டுக்குள் ஒன்று போகும் என்று எதிர்பார்ப்பதே நியாயம். அதற்கு வழி கண்டவர்கள் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கேட்ஸ் மூவரும். 1988-ல் அவர்கள் முன்வைத்ததுதான் ரெய்டு. விலை உயர்ந்த ஒற்றைப் பெரிய வட்டுக்குப் பதிலாக மலிவான பல வட்டுகளைச் சேர்த்து, ஒன்று போனாலும் மற்றவற்றிலிருந்து அதை மீட்டுவிடும் ஏற்பாடு.

அதன் உள்ளே இருக்கும் கணிதம் பள்ளி மாணவருக்கே புரியக்கூடியது. மூன்று வட்டுகளில் ஒரே இடத்தில் 1, 0, 1 என்று இருக்கிறது. நான்காவது வட்டில், ஒன்றுகளின் மொத்த எண்ணிக்கை இரட்டைப்படையாகும்படி ஒரு பிட் எழுதுகிறோம். இங்கே ஏற்கெனவே இரண்டு ஒன்றுகள், ஆகவே 0. நடுவட்டு பழுதாகிவிட்டால் மிஞ்சியது 1, 1, 0. ஒன்றுகள் இரட்டைப்படைதான், ஆக இழந்தது 0. இந்த எளிய விதியைக் கோடிக்கணக்கான முறை செய்தால் முழு வட்டும் திரும்பக் கிடைக்கிறது. ஒரு வட்டு இழப்பைத் தாங்கும் இம்முறை ரெய்டு ஐந்து. இரண்டு இழப்பைத் தாங்கும்படி இன்னொரு சமன்பாட்டையும் சேர்த்தால் ரெய்டு ஆறு.

பெரிய வட்டுகளை வைத்து ரெய்டு ஐந்தை இன்று போடுவது தவறு என்பது என் உறுதியான கருத்து. காரணம் கணக்கில் இருக்கிறது. 20 டெராபைட் வட்டு ஒன்றை நொடிக்கு 250 மெகாபைட் வேகத்தில் மறுபடி நிரப்ப, வேறு எந்த வேலையும் இல்லாவிட்டாலும், 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். சர்வர் வேலையில் இருந்தால் பல நாள். அந்த நேரமெல்லாம் மீதி பதினொரு வட்டுகளும் ஒரு பிட் விடாமல் படிக்கப்பட வேண்டும்: 220 டெராபைட். நிறுவனங்களுக்கான நல்ல வட்டுகளிலேயே, 125 டெராபைட் படிக்கும்போது மீளாத படிப்புப் பிழை ஒன்று வரலாம் என்ற அளவுதான் தயாரிப்பாளரின் உறுதி. ஒரே நாளில் ஒரே பெட்டியில் வாங்கிய வட்டுகள் ஒரே வயதில் தளர்வதும் உண்டு. ஒன்று போய், அடுத்ததும் தடுமாறும்போது ரெய்டு ஐந்துக்குக் கொடுக்க எதுவும் மிஞ்சாது. பன்னிரண்டில் இரண்டை ரெய்டு ஆறுக்குக் கொடுத்துவிட்டு 200 டெராபைட்டோடு நிறைவடைவது நல்லது. நம் 240 டெராபைட் கணக்குக்கு அது போதாது. எனவே இரண்டு பெட்டிகளைக் கோக்க வேண்டும், வளர இடமும் இருக்கும்.

ரெய்டு வேலையைத் தனிக் கார்டு செய்யலாம், அல்லது இயங்குதளமே செய்யலாம். கார்டு பழுதானால் அதே இனத்துக் கார்டு வேறொன்று கிடைத்தால்தான் வட்டுகளைப் படிக்க முடியும் என்ற நிலை வரலாம். பழைய மாடல் கார்டைத் தேடிச் சென்னை ரிச்சி தெருவில் அலைவதைவிட, லினக்ஸில் உள்ள எம்டி அல்லது இசட்எஃப்எஸ் போன்ற மென்பொருளிடம் இந்த வேலையை ஒப்படைப்பது சிறு நிறுவனங்களுக்கு நிம்மதி. வட்டுகளை எடுத்து வேறு எந்தச் சர்வரில் செருகினாலும் அவை தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும். இசட்எஃப்எஸ் முறையில் இன்னொரு நன்மை: ஒவ்வொரு துண்டுத் தகவலுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணை எழுதிவைத்து, படிக்கும்போதெல்லாம் ஒப்பிடுகிறது. பல ஆண்டு யாரும் திறக்காத ஓர் ஏட்டுப் படத்தில் ஒரு பிட் மாறிப்போனாலும் கண்டுபிடித்துத் திருத்திவிடும். மாதம் ஒருமுறை முழுவதையும் இப்படிச் சரிபார்க்கச் சொல்லிவைக்கலாம்.

பெட்டியை இணைத்ததும் இடம் தானாகப் பெருகிவிடாது. லினக்ஸில் எல்விஎம் என்ற அடுக்கு இருந்தால், புதிய வட்டுத் தொகுதியைப் பழைய தொகுப்போடு சேர்த்து, அதன் மேலுள்ள கோப்பு முறையையும் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே விரிக்கலாம். அடுக்கு இல்லாமல் தொடங்கியிருந்தால் புதியதைத் தனி அடைவாக ஏற்றிக்கொள்வதே வழி. பழைய எம்பிஆர் பகுப்பு முறை 2 டெராபைட்டுக்கு மேல் எண்ணாது. 32 பிட்டில் எழுதக்கூடிய துண்டு எண்கள் அதோடு தீர்ந்துவிடும். ஜிபிடி முறையில்தான் பெரிய வட்டைப் பகுக்க வேண்டும். 20 டெராபைட் என்று வாங்கிய வட்டை விண்டோஸ் 18.19 என்று காட்டுவதைப் பார்த்துக் கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1,024-ஆல் வகுக்கிறது. இடத்தைத் திட்டமிடும்போது சிறிய எண்ணையே கணக்கில் கொள்ளுங்கள்.

இனி நம் ஊர் நிலைமைக்கு வருவோம். மின்சாரம் முதலில். வட்டு ஓடும்போது பத்து வாட்டுக்குள் அடங்கும். நின்ற தட்டைச் சுழலத் தொடங்கவைக்கும் சில நொடிகளில் அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு இழுக்கும். பன்னிரண்டும் ஒன்றாக எழுந்தால் 300 வாட்டைத் தொட்டுவிடும். ஆகவே நல்ல பெட்டிகள் வட்டுகளை வரிசையாக, இடைவெளி விட்டு எழுப்புகின்றன. யு.பி.எஸ். இதையும் சேர்த்துத் தாங்க வேண்டும்; மின்சாரம் போனால் சர்வருக்குச் சேதி சொல்லி ஒழுங்காக மூடவைக்க வேண்டும். சர்வரை ஒரு யு.பி.எஸ்.ஸிலும் பெட்டியைச் சாதாரணப் பிளக்கிலும் சொருகியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். கரண்ட் போகும்போது சர்வர் உயிரோடு இருக்கும், அதன் வட்டுகள் மட்டும் நடுவாக்கியத்தில் அறுந்துபோகும். எழுதிக்கொண்டிருந்த கோப்பு முறை சிதைய இதைவிட நேரான பாதை கிடையாது. இயக்கும்போது பெட்டியை முதலில் போட்டு, வட்டுகள் எழுந்த பிறகு சர்வரைப் போட வேண்டும். நிறுத்தும்போது சர்வரை முதலில் நிறுத்த வேண்டும்.

வெயிலைப் பற்றிய பயம் சற்று மிகை. கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகளை ஆராய்ந்து 2007-ல் வெளியிட்ட கட்டுரையில், மிதமான வெப்ப வரம்புக்குள் பழுதுக்கும் வெப்பத்துக்கும் வலுவான தொடர்பு தெரியவில்லை. மூன்று, நான்கு வயதான வட்டுகள் மிக அதிக வெப்பத்தில் ஓடும்போதுதான் பழுது கூடியது. அறையை ஐஸ் பெட்டி ஆக்க வேண்டாம். ஆனால் கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தொடும் விழுப்புரம் மாவட்டத்தில், மொட்டைமாடிக்குக் கீழேயுள்ள பூட்டிய அறையில், ஞாயிற்றுக்கிழமை ஏ.சி. நின்றுபோனால் வட்டுகள் எளிதில் 55 டிகிரிக்குப் போய்விடும். வட்டுகள் தம் வெப்பத்தைத் தாமே சொல்லும். அதைக் கேட்டு அலைபேசிக்குச் செய்தி அனுப்பும் சிறு நிரலை எழுதிவைப்பதற்குச் செலவே இல்லை.

வட்டு மாற்றும்போது நேரும் ஒரு விபத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாவது வட்டு பழுது என்று திரை சொல்கிறது. ஐந்து என்பது ஒன்றிலிருந்து எண்ணியதா, பூஜ்யத்திலிருந்தா? அவசரத்தில் நல்ல வட்டை உருவிவிடுகிறார்கள். பெட்டி பூட்டும் நாளிலேயே ஒவ்வொரு டிரேயின் முகத்திலும் அந்த வட்டின் வரிசை எண்ணை எழுதி ஒட்டிவிட்டால் இது நடக்காது.

இத்தனையும் செய்த பிறகும் இடம் கூடியிருக்கிறது, அவ்வளவே. பாதுகாப்பு கூடவில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கிளியனூருக்கு அண்டையிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை. புதுச்சேரியிலும் கிட்டத்தட்ட அதே அளவு. விழுப்புரம் மாவட்டமே நீரில் நின்றது. அதற்கு முன் 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் இதே கரையை அடித்தது. தரைத்தளத்து அறையில் சர்வரும் அதன் பெட்டியும் ஒரே ரேக்கில் இருந்தால், நீர் இரண்டையும் ஒன்றாகவே நனைக்கும். ரெய்டு ஆறு அங்கே எதையும் காப்பாற்றாது. நீர் வராவிட்டாலும், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நச்சு நிரல் ஒன்று நுழைந்தால் பூட்டிய கோப்புகளையே ரெய்டு அக்கறையோடு காக்கும். ஒருவர் தவறுதலாக அழித்தால் அழிந்ததையே பன்னிரண்டு வட்டும் ஒப்புக்கொள்ளும்.

பீட்டர் குரோக் என்ற புகைப்படக் கலைஞர் படத்தொகுப்பாளர்களுக்காகச் சொல்லிப் பரப்பிய விதி இதற்குப் போதுமானது: மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறு ஊரில். இரண்டாவது வகை ஊடகத்துக்கு நம் கணக்கில் மிகப் பொருத்தமானது காந்த நாடா. எல்டிஓ ஒன்பதாம் தலைமுறை நாடா ஒன்றில் சுருக்காமல் 18 டெராபைட் ஏறும். 240 டெராபைட்டுக்கு 14 நாடாக்கள். ஒரு சிறு பெட்டியில் அடங்கிவிடும். எழுதி எடுத்துவைத்தால் மின்சாரம் தின்னாது, நச்சு நிரல் தொடாது, முறையாக வைத்தால் முப்பது ஆண்டு தாங்கும் என்பது தயாரிப்பாளர்கள் சொல்லும் ஆயுள். நாடா இயந்திரத்தின் விலை அதிகம்தான். அதையும் இதே நேரடி இணைப்பு சாஸ் கேபிளில் சர்வரோடு கோக்கலாம். அண்டையிலுள்ள இரண்டு, மூன்று நிறுவனங்கள் சேர்ந்து ஓர் இயந்திரத்தை வாங்கிப் பகிர்ந்துகொள்வதில் தடை ஏதும் இல்லை.

நேரடி இணைப்புக்கும் எல்லை உண்டு. பெட்டி அந்த ஒரு சர்வரைச் சார்ந்தது. சர்வரின் தாய்ப்பலகை போனால், வேறு சர்வரில் கார்டு போட்டுக் கேபிளை மாற்றும்வரை பெட்டியில் உள்ள எதுவும் யாருக்கும் கிடைக்காது. ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாத மருத்துவமனைக்கும் வங்கிக்கும் இது ஏற்றதல்ல. பல சர்வர்கள் பகிரும் சான் அமைப்பு அவர்களுக்குத் தேவை. ஒரு ஆய்வு நிறுவனம், ஒரு மடம், ஒரு கல்லூரி நூலகம் அரை நாள் நின்றால் ஏதும் கெட்டுப்போகாது. அங்கெல்லாம் பராமரிக்கத் தனி வல்லுநர் வேண்டாத, கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய இந்த ஏற்பாடே சிறந்தது என்பேன்.

ஏடோ, ஊர்ப் பதிவேடோ, பழைய புகைப்படமோ உங்கள் பொறுப்பில் இருந்து, சர்வரில் இடம் தீர்ந்து, பெட்டி வாங்க விலைப்பட்டியல் கேட்கும் நிலைக்கு வந்திருந்தால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். பட்டியலின் முதல் வரியில் பெட்டியை எழுதுங்கள். இரண்டாவது வரியில் வேறு ஊரில் வைக்கும் பிரதிக்கான செலவை எழுதுங்கள். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் பெட்டியின் அளவைப் பாதியாக்குங்கள், இரண்டாவது வரியை அடிக்காதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்தப் பிரதியிலிருந்து ஒரு கட்டுப் படங்களை மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பிரதி.